சிக்கனச் செம்மல்

"திங்கக்கிழமையா?" என்று கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று மந்திரமூர்த்திக்கே சந்தேகமாக இருந்தது.

"ஆமாலே, வார திங்கக்கிழமைதான்," என்றார் முதலாளி தங்கதுரை அண்ணாச்சி. "நம்ம புரோகிராமை முழுசா நெட்டுல போடப்போறாவ. யாரு வேணாலும் தொறந்து பாக்கலாமாம். தருவைகுளத்துல பெரிய திரை கட்டி, வரி வரியா ஓடவிட்டுக் காட்டுதாவளாம். ஆபீசர் அம்மா வாராவ, மாதா கோயில் பங்குச்சாமி வாராவ. நீ அந்தக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு வச்சுக்கோ."

அண்ணாச்சி சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். மந்திரமூர்த்தி நாற்காலியில் அப்படியே சரிந்தான். தலைக்கு மேல் புது மின்விசிறி ஜோராகச் சுற்றியும் முதுகெல்லாம் வியர்த்தது.

விஷயம் இதுதான். தருவைகுளம் மீன் ஏலக்கூடத்தில் எந்தப் படகு மீன் என்ன விலைக்கு யாருக்குப் போனது என்பதைப் பலகையில் காட்டி, ஸ்பீக்கரிலும் சொல்லும் புரோகிராமை எழுதியவன் மந்திரமூர்த்தி. அரசாங்க மானியத்தில் செய்த வேலை என்பதால் அதைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை. வெளியிடட்டும். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் நடுநடுவே அவன் வேறு சிலதும் எழுதி வைத்திருந்தான்.

அதற்கு மூலகாரணமே அண்ணாச்சிதான். சாத்தான்குளத்துக்காரர். தூத்துக்குடி பாளை ரோட்டில் ஆணியும் போல்ட்டும் விற்று முன்னுக்கு வந்தவர். ‘ஹார்டுவேர் பாத்தாச்சு, சாஃப்ட்வேரையும் ஒரு கை பாத்துருவோம்’ என்று கடைக்கு மேல் மாடியில் தங்கம் சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும் என்று தெரிய வந்த அன்று மனுஷர் பதறிப்போனார். நெல் அளந்தாலும் ஆணி அளந்தாலும் ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி எண்ணத் தொடங்குகிற வம்சம்.

"பூஜ்யத்துல ஆரம்பிச்சா வெளங்குமாலே? ஒவ்வொரு ஃபைல்லயும் மொத வரி பிள்ளையார் சுழி போட்டு, லாபம்னு தமிழ்ல எழுது. பொறவு எந்த இங்கிலீஷ் வேணும்னாலும் எழுதிக்கோ," என்றார்.

எழுதுவதில் சிரமம் இல்லை. ஒரு வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு இழுத்துவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அது மனுஷருக்கு மனுஷர் எழுதிக்கொள்ளும் குறிப்பு. கமெண்ட் என்பார்கள். மந்திரமூர்த்தி இரண்டு கோடு இழுத்து ‘லாபம்’ என்று எழுதினான். தமிழில் எழுதுவது மனசுக்கு இதமாக இருந்தது. அடுத்த வரியும் தமிழில் எழுதினான். கழுதை அப்படியே பழகிவிட்டது. ஆறு வருஷமாகக் கை நிற்கவில்லை.

// எச்சரிக்கை: இந்தப் பகுதியை எழுதும்போது தலைக்கு மேல் ஃபேன் ஓடவில்லை. கணக்கு தப்பினால் கஞ்சனைக் கேட்கவும்.

// இந்த வரி எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸ் டீயில் தேயிலை உண்டா என்றும் தெரியாது. இரண்டையும் யாரும் கிளற வேண்டாம்.

// மீன் செத்த நேரத்தையும் பலகையில் காட்ட வேண்டுமாம். மடையன் மீனிடமே கேட்டுச் சொல்லட்டும்.

கஞ்சனும் மடையனும் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கம்பெனியில் முதலாளி ஒருவர்தான்.

இதெல்லாம் அண்ணாச்சி கண்ணில் படும் என்ற கவலை இத்தனை வருஷத்தில் அவனுக்கு வந்ததே இல்லை. அவருக்குப் புரோகிராமில் ஒரு எழுத்து தெரியாது. யார் எத்தனை வரி எழுதினார்கள் என்ற கணக்கு மட்டும் தினமும் சாயங்காலம் அவர் கைபேசிக்கு வந்துவிட வேண்டும். ஆணியை எடை போட்டு வாங்கின பழக்கம். கணக்குக்குக் கீழே அன்றைக்கு எழுதின வரிகளும் சரக்கோடு ஒட்டி வருகிற சணல் மாதிரி சேர்ந்து போகும். அந்த இங்கிலீஷ் குப்பையை யார் கிளறப் போகிறார்கள்?

ஆனால் பெரிய திரையில் ஓடினால் ஊரே வாசிக்கும். அண்ணாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து வாசிப்பார்.

அதிலும் நேரம் பார்த்து வந்து சேர்ந்திருந்தது இந்தத் திங்கட்கிழமை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் அவனுக்குப் பெண் பேசி முடிக்க இருந்தார்கள். பெண் பேச்சிச்செல்வி. ஒரு தடவை நேரில் பார்த்து, பல தடவை போனில் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிருந்தது. அவளுடைய அப்பா மாடக்கண்ணு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ‘கம்ப்யூட்டர்ல என்ன வேலைன்னு நமக்கு வெளங்காது. வேலை வாங்குத முதலாளி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், முடிச்சிருவோம்’ என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் மந்திரமூர்த்தியின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேஜை ஜெபசுதா அக்காவிடம் ஓடினான். ஆபீஸில் அவனுடைய கமெண்டுகளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"மொத்தமா அழிச்சுத் தொலை. இதுக்குப் போயி அழுதுக்கிட்டு," என்றாள் ஜெபசுதா.

"அழிக்க முடியாதுக்கா. விளக்கம் இல்லாத புரோகிராமை வாங்கவே மாட்டாவளாம். கமெண்ட் இருக்கணும்."

"அப்போ கெட்டதை மட்டும் தேடி மாத்து. எத்தனை இருக்கும்?"

"ஆறு வருச வயித்தெரிச்சல்க்கா. உக்காந்து தேடினா தைப்பொங்கல் வந்துரும்."

தேட முடியாததைக் கம்ப்யூட்டரையே தேடச் சொல்வதுதானே தொழில்? கெட்ட வார்த்தையைக் கண்டால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல வார்த்தையை வைக்கும் ஒரு வடிகட்டியை மந்திரமூர்த்தி எழுதினான். வார்த்தைகளுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கெட்டதை அவன் சொன்னான். நல்லதை ஜெபசுதா சொன்னாள். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவள், நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

"கஞ்சன்."

"சிக்கனச் செம்மல்."

"மடையன்."

"பெரியவர்."

"சனி. சனியன், சனி புடிச்சதுன்னு நெறைய எழுதிருக்கேன்."

"மங்களம்னு போடு. சாத்தானும் உண்டே? ‘இந்த வரியில் சாத்தான் குடியிருக்கிறான்’னு எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு. பங்குச்சாமி வேற வாராவ."

"சாத்தான் வேண்டாம்க்கா, ஆண்டவர்னு மாத்திருவோம்."

ஏலக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் மேலேயே வடிகட்டியை ஓடவிட்டார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மந்திரமூர்த்தி ஆசையோடு திறந்து பார்த்தான்.

‘கணக்கு தப்பினால் சிக்கனச் செம்மலைக் கேட்கவும்’ என்றது ஒரு வரி. ‘பெரியவர் மீனிடமே கேட்டுச் சொல்லட்டும்’ என்றது இன்னொன்று.

ஜெபசுதா வாயைப் பொத்திக்கொண்டாள். "முந்தி ஏசின மாதிரி இருந்துச்சு. இப்போ மேடை போட்டு, மாலை மரியாதை செஞ்சு ஏசின மாதிரி இருக்கு."

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தருவைகுளம் படகுக்காரர் சங்கத்துச் செயலாளர் ஆன்டனி.

"தம்பி, ஆண்டவர்குளம் எங்கன இருக்கு?"

"அப்படி ஒரு ஊரே கெடையாதே அண்ணே."

"கெடையாதா? ‘ஆண்டவர்குளம் தங்கத்தாய், சீலா மீன் எடுத்தாச்சு’ன்னு ஸ்பீக்கர் சொல்லுதே! சாத்தான்குளத்து யாவாரி தங்கத்தாய் அக்கா கூடையை எறக்கி வச்சிட்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கா. அது போகட்டும், மங்களக்கிழமை ஏலம் சீக்கிரம் தொடங்கும்னு போர்டுல ஓடுது. அது என்னைக்கு வருது?"

வடிகட்டிக்குக் கமெண்ட் எது, பலகையில் ஓடுகிற அறிவிப்பு எது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ் என்று கண்ட இடமெல்லாம் புனிதப்படுத்திவிட்டது. சாத்தான்குளத்துக்கு மோட்சம் கிடைத்தது, சனிக்கிழமைக்குப் பீடை கழிந்தது. மந்திரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான். கஞ்சனும் மடையனும் அவரவர் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் வடிகட்டியைத் திருத்தி எழுதினான். கமெண்டை மட்டும் தொடு, அறிவிப்பைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தான். வார்த்தைகளையும் சும்மா விடவில்லை. ‘சிக்கனச் செம்மல்’ மாதிரி உறுத்துகிறதையெல்லாம் சாவகாசமாக மாற்றலாம் என்று, கெட்டதும் நல்லதுமாக ஜோடி ஜோடியாகத் தனி ஃபைலில் எழுதிச் சேமித்தான். இந்தத் தடவை ஒரு பிசகும் வராது என்று ஜெபசுதாவிடம் பெருமையாகச் சொன்னான். பிசகு வந்தது அந்தச் சேமித்த இடத்தில்.

ஏலக்கூடத்து ஸ்பீக்கருக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எந்த ஃபைலைப் போட்டாலும் ஸ்பீக்கர் எடுத்துச் சத்தமாக வாசிக்கும். காற்று எச்சரிக்கை, ஐஸ் வண்டி வரும் நேரம் எல்லாம் அப்படித்தான் போகும். அப்படி வாசிக்க வைத்தவனும் மந்திரமூர்த்திதான், வார்த்தை ஃபைலை அவசரத்தில் அந்த ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டவனும் மந்திரமூர்த்திதான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதைத்தான்.

மறுபடியும் ஆன்டனி. பின்னால் ஒரே கைதட்டல்.

"தம்பி, ஸ்பீக்கர்ல ஓடுதது ரொம்ப நல்லா இருக்கு!"

"என்னண்ணே ஓடுது?"

"நீயே கேளு," என்று ஆன்டனி போனைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பெண் குரல் நிதானமாகவும் மரியாதையாகவும் வாசித்துக்கொண்டிருந்தது.

‘கவனிக்கவும். கஞ்சன், சிக்கனச் செம்மல். கவனிக்கவும். மடையன், பெரியவர். கவனிக்கவும். கூறு கெட்டவன், ஆழ்ந்து சிந்திப்பவர்.’

"நிறுத்துங்கண்ணே! கரண்டைப் புடுங்குங்க!"

"எதுக்கு நிறுத்தணும்? எங்க ஊர்ல பொழங்குதது இதுல நாலஞ்சு விட்டுப்போச்சு, சொல்லுதேன் எழுதிக்கோ. ஒண்ணு சொல்லட்டுமா தம்பி, இன்னைக்குத்தான் ஏலம் சண்டையில்லாம நடக்கு. ‘ஏலே பெரியவரே, வெலையைக் கூட்டிக் கேளும்’னு ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு மரியாதை. உங்க முதலாளிகூட ரசிச்சுக் கேக்காரு."

"முதலாளியா? அண்ணாச்சியா? அங்கனயா இருக்காரு?"

"வெளைமீன் வாங்க வந்தவரு. கூப்பிடவா?"

மந்திரமூர்த்தி போனை வைத்துவிட்டான். ஃபைலை எடுத்து அழித்தான். பிறகு அண்ணாச்சி வருவதற்காகக் காத்திருந்தான். வேறு என்ன செய்வது?

அண்ணாச்சி மீன் பையோடு மாடியேறி வந்தார். அவன் மேஜைக்கு முன்னால் நின்றார். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"ஏலே மந்திரம். கஞ்சன்னா சிக்கனச் செம்மலா?"

"அது வந்து, அண்ணாச்சி..."

"ம்," என்றார். அவ்வளவுதான். திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"கோவத்துல மனுசனுக்குத் தோளு கூடவா குலுங்கும்?" என்று அவன் கலங்கிப்போய்க் கேட்டான்.

"எங்க மாமனாருக்குக் காது ஆடும்," என்றாள் ஜெபசுதா.

இனி வடிகட்டியும் வேண்டாம், சல்லடையும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சனியும் ஞாயிறும் மந்திரமூர்த்தி ஆபீஸுக்கு வந்தான். ஜெபசுதாவும் பூசை முடிந்த கையோடு வந்து சேர்ந்துகொண்டாள். இருந்த கமெண்ட் எல்லாவற்றையும் வேரோடு அழித்துவிட்டு, புதிதாகச் சுத்தமாக எழுதினார்கள். ‘இந்த வரி இரண்டு எண்களைக் கூட்டும்.’ ‘இந்த வரி மீனின் எடையைக் காட்டும்.’ ‘இந்த வரி முடிந்தது.’ சாம்பாரில் பருப்பைத் தேடுவது போல் மீனைத் தேடும் பகுதி என்று மெஸ் சாப்பாட்டைக் கேலி செய்து எழுதியிருந்த ஒன்றை மட்டும் அழிக்க அவனுக்கு மனசே வரவில்லை. அதையும் கண்ணை மூடிக்கொண்டு அழித்தான். பெற்ற பிள்ளையைத் தாரை வார்த்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை தருவைகுளத்தில் திரை கட்டினார்கள். ஆபீசர் ஜெயபிரியா பொத்தானை அழுத்த, புரோகிராம் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரிகள் திரையில் ஓடின. கூட்டும், கழிக்கும், காட்டும், முடிந்தது. ஜெயபிரியா ஒரு கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, "ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க," என்றார். பங்குச்சாமி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மந்திரமூர்த்திக்கு அப்பாடா என்றிருந்தது. பிழைத்தோம்!

அப்போதுதான் முதல் வரிசையைப் பார்த்தான். அண்ணாச்சி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலும் கீழும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானாலே?" என்றார் அவனிடம்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாளும் அப்படியே. சாயங்காலம் கைபேசியில் கணக்கு வந்ததும் எடுத்துப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடையைப் பார்க்க இறங்கிப் போவார். ஒரு தடவை மந்திரமூர்த்தியின் தோளைத் தொட்டு, "மனசுல எதையும் வச்சுக்கிடாதலே. இருந்தா எறக்கி வச்சிரணும்," என்று வேறு சொன்னார்.

"தெரிஞ்சுபோச்சுக்கா. எல்லாம் தெரிஞ்சுபோச்சு," என்றான் அவன் ஜெபசுதாவிடம். "நானா வந்து கால்ல விழுவேன்னு காத்துக்கிட்டு இருக்காரு."

இதற்கிடையே சாப்பாடு வேறு பயமுறுத்தியது. கொஞ்ச காலமாக அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்து வரும் தூக்குவாளியோடு அவனுக்கும் ஒன்று வருவது வழக்கம். அண்ணாச்சியின் மனைவி முருகேஸ்வரி அம்மா கொடுத்துவிடுவது. பருப்பு மிதக்கும் சாம்பாரும் ஒரு பொரியலும் இருக்கும். இந்த வாரம் வாளியைத் திறந்தால் விளைமீன் குழம்பு, கணவாய் வறுவல், இரண்டு முட்டை. மறுநாள் அதோடு பாயாசமும்.

"வெட்டப்போற ஆட்டுக்கு இப்படித்தான்க்கா குழை ஒடிச்சுப் போடுவாவ," என்றான். என்றாலும் பாயாசம் இறங்கத்தான் செய்தது.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சிச்செல்வி போனில், "உங்க முதலாளி எப்படி? நல்ல மாதிரியா?" என்று கேட்டாள். "தங்கமான மனுசன்," என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையிலேயே ஒரு வழி இருப்பதைக் கண்டுகொண்டான். ஏசி எழுதியதால்தானே இந்த வினை? புகழ்ந்து எழுதினால் கழிந்துவிடாதா? உலகமே பார்க்கிற இடத்தில் எழுதினால் எப்படியாவது அவர் காதுக்குப் போகாதா?

அன்றே எழுதினான்.

// எங்கள் முதலாளி ஒரு வள்ளல். அவர் நிழலில் இந்த வரி தழைக்கிறது.

// கருணைக் கடல் தங்கதுரை அண்ணாச்சி வாழ்க. இந்த வரி கழிக்கும்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்த கோலத்தைப் பார்த்து ஆபீஸே எழுந்து நின்றது. கண் சிவந்திருந்தது. தூங்கின முகமாக இல்லை. மந்திரமூர்த்தியைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. வேற எங்கயும் வேலை பாத்துட்டியா?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி!"

"சென்னைக்கா? பெங்களூருக்கா?"

"எங்கயும் போகல அண்ணாச்சி. செத்தாலும் இங்கனதான்."

"பொறவு எதுக்குலே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கையை ஆட்டிப் போகச் சொன்னார். மந்திரமூர்த்தி வெளியே வந்தான். வேலையைவிட்டுப் போகச் சொல்லத்தான் மனுஷர் இவ்வளவு சுற்றி வளைக்கிறார் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

எப்படியோ ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

ஆத்தூரில் மாடக்கண்ணு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஒரு தாம்பாளம் நிறையக் கொடிக்கால் வெற்றிலையை அடுக்கி வைத்திருந்தார்கள். மந்திரமூர்த்தியும் அவன் அம்மா சண்முகவடிவும் ஒரு பக்கம். அண்ணாச்சியும் முருகேஸ்வரி அம்மாவும் எதிர்ப்பக்கம். அடுக்களை வாசலில் பேச்சிச்செல்வி பச்சைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மந்திரமூர்த்திக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இது தனக்கில்லை.

காபி வந்தது. ஊர்ப் பேச்சு, ஆற்றுத் தண்ணீர், வெற்றிலை விலை எல்லாம் பேசி முடித்தார்கள். அண்ணாச்சி எதிலும் சேரவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மாடக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, நமக்குக் கொடிக்காலை விட்டா ஒண்ணும் தெரியாது. இந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல என்ன செய்யுதாருன்னு நாலு பேரு கேட்டா சொல்லவும் தெரியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

கூடமே அண்ணாச்சியைப் பார்த்தது.

"வேலையில கெட்டிக்காரன்," என்றார் அண்ணாச்சி.

மாடக்கண்ணு தலையாட்டினார்.

"ஆறு வருசமா இவனைப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா..."

"ஆனா?" என்று மாடக்கண்ணு பாயில் ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். அடுக்களை வாசலில் சிரிப்பு மறைந்தது. சண்முகவடிவு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இந்த ஒரு வாரமா இவன் நடத்தை சரியில்ல."

"என்ன அண்ணாச்சி, குடி கிடியா?"

"சேச்சே! அதெல்லாம் கெடையாது. அது வந்து... சொன்னா உங்களுக்கு வெளங்காது. நெனைச்சா எனக்கு ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்குது," என்ற அண்ணாச்சியின் குரல் நிஜமாகவே கம்மிற்று.

இனித் தாங்காது என்று மந்திரமூர்த்தி காலில் விழுவதற்காக முழங்காலை ஊன்றினான்.

"நீங்க செத்த சும்மா இருங்க. உங்களுக்குச் சொல்ல வராது," என்று முருகேஸ்வரி அம்மா காபி டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார். மாடக்கண்ணு பக்கம் திரும்பி, "பையன் சொக்கத் தங்கம். கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் குடுங்க," என்றார். பிறகு பாதி மண்டியிட்ட நிலையில் இருந்த மந்திரமூர்த்தியை மனக்குறையோடு பார்த்தார்.

"ஏன்யா மந்திரம், தெனமும் போன்ல வாரதுல அந்த இங்கிலீஷை விட்டுட்டு, நீ இவியளைத் தமிழ்ல ஏசுததை மட்டும் சத்தமா வாசிச்சுச் சிரிச்சிட்டுத்தான் எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடவே உக்காருவோம், ஃபேன் கேட்ட, மாத்துனோம், பருப்பு கேட்ட, வாளி நெறைய குடுத்துவிட்டோம், இப்போ திடீர்னு வள்ளல்னும் வாழ்கன்னும் எழுதுதியே, நாங்க உனக்கு என்னய்யா கொறை வச்சோம்?"